பெயிண்டுக்குப் பின்னால் ஓதம்

நேயர்களுக்கு வணக்கம். குன்னூரில் அப்பா கட்டிய வீட்டைச் சில ஆண்டுகளுக்கு முன் விற்றேன். விற்ற கதையைவிட, விற்பதற்கு முன் பட்ட பாட்டைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும்.

வாங்க வந்தவர் கோயம்புத்தூர்க்காரர். விலை படிந்தது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்து வந்தார். மார்ச் மாதம், நல்ல வெயில். பொறியாளர் படுக்கையறையில் மேட்டுப் பக்கத்துச் சுவரின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டினார். இரண்டு இடங்களில் பூச்சு பொக்கென்று ஒலித்தது. "ஐயா, இந்தச் சுவருக்கு மட்டும் ஏன் புதுப் பெயிண்ட்?" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஓதத்தை மறைக்கப் பிப்ரவரியில் நானே ஆள் வைத்து அடித்த பெயிண்ட் அது.

வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்ணில் படாத முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆவது பிரிவு. நானோ காசு செலவழித்து மறைத்திருந்தேன்.

பொறியாளரின் பட்டியலில் 14 குறைகள் வந்தன. வாங்குபவர் விலையில் மூன்று லட்சம் குறைக்கக் கேட்டார். "போகச் சொல்லுங்கள், வேறு ஆள் வருவான்" என்றார் என் மைத்துனர். யார் வந்தாலும் சுவர் அதே சுவர்தானே! மேஸ்திரியை அழைத்துத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தாழ்ப்பாள், குழாய், சமையலறைத் தரை எல்லாவற்றையும் வாங்குபவர் எப்படியும் தம் விருப்பப்படி மாற்றுவார். நான் சரிசெய்வது வீண் செலவு. அதற்கான தொகையை விலையில் கழித்தேன்.

தண்ணீர் சம்பந்தப்பட்டதை மட்டும் யாரிடமும் விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரில் நீர் வடியும் துளைகளை மண்ணும் வேரும் அடைத்திருந்தன. வடிய வழியில்லாத நீர்தான் வீட்டுச் சுவருக்கு வந்திருக்கிறது. அப்பா காலத்துச் சுண்ணாம்புக் காரையின்மேல் நான் சிமென்ட் பூசியதால் ஈரம் உள்ளேயே தங்கிவிட்டது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெருமழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான். 2009 நவம்பரில் மண் சரிந்து வீடுகள் புதைந்ததைப் பார்த்தவர்களுக்கு, தடுப்புச் சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. துளைகளைத் திறந்து, சிமென்டைக் கொத்தி எடுத்து, மறுபடி சுண்ணாம்பே பூசினோம்.

எந்த வேலை, யார் செலவு, எந்தத் தேதிக்குள் என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதினோம். மழை முடியும்வரை ஐம்பதாயிரத்தைப் பிடித்து வைக்கிறேன் என்றார் வாங்குபவர். அதற்கு மட்டும் நான் இணங்கவில்லை. பத்திரம் பதிந்த பிறகு பாக்கிக்கு நடப்பது எனக்கு ஆகாது. கடைசியில் குறைத்தது ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

ஐப்பசியில் ஒருநாள் போன் செய்தார். "ஐயா, தடுப்புச் சுவர்த் துளைகளிலெல்லாம் தண்ணீர் கொட்டுகிறது!" என்று பதறினார்.

"கொட்டட்டும் தம்பி. படுக்கையறைச் சுவரைத் தொட்டுப் பாருங்கள்" என்றேன். போனை வைக்காமலே போய்த் தொட்டுவிட்டு வந்தார். காய்ந்துதான் இருந்ததாம்.