ஈரத் தடம், காய்ந்த தடம்

நேயர்களுக்கு வணக்கம். ஆய்வுகூடத்தில் இரத்தச் சோதனைக் குழாய்களோடு காலம் தள்ளியவன் நான், ஒலிவாங்கி புதிது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பின் படுவான்கரையில் வயல் செய்பவர்களுக்கு யானைத் தடம் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சேற்றில் விளிம்பு கலையாமல் கிடந்தால் நேற்றிரவு வந்தது. காய்ந்து வெடித்திருந்தால் வந்துபோய் நாளாகிவிட்டது. வைரசுக்கு எதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியும் அப்படித்தான். செங்கமாரியோடு, அதாவது மஞ்சள் காமாலையோடு, வருபவரின் இரத்தத்தில், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரசுக்கு எதிரான ஐஜிஎம் வகை தெரிந்தால் ஈரத் தடம். ஐஜிஜி மட்டும் என்றால் காய்ந்த தடம்: முன்பு வந்துபோயிருக்கிறது, அல்லது தடுப்பூசி போட்டிருக்கிறார். கீழ்காய்நெல்லி அரைக்குமுன் எந்தச் செங்கமாரி என்று பார்க்க வேண்டாமா?

ஹெபடைடிஸ் பி என்றால் தடத்தோடு நிற்பதில்லை. வைரசின் மேலுறைப் புரதத்தையே தேடுகிறோம். அது பிடிபட்டது ஒரு தற்செயல். 1960களில் புளூம்பெர்க் என்ற அமெரிக்கர் பல இனத்தாரின் இரத்தத்தை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். பலமுறை இரத்தம் ஏற்றப்பட்ட ஹீமோபீலியா (இரத்தம் சரியாக உறையாத நோய்) நோயாளியின் பிறபொருளெதிரி, ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் எதையோ போய்ப் பற்றியது. அந்த எதுவோதான் இந்த மேலுறை. 1976இல் நோபல் பரிசு.

இனி நான் சொல்ல வந்த கதை. ஒரு பாடசாலை மண்டபத்தில் இரத்ததான முகாம். நல்ல வெயிலில் முழுக்கைச் சட்டை போட்ட ஓர் இளைஞர். ஊசிக்காகக் கையை மடித்தபோது முழங்கைக்கு மேலே புத்தம்புதுப் பச்சை, ஓரத்தில் இன்னும் தோல் உரிந்துகொண்டிருந்தது. "எப்போது குத்தியது தம்பி?" "மூன்று கிழமை, சேர். ஏதாவது தொற்றியிருக்குமோ என்று பயம். இங்கே கொடுத்தால் எப்படியும் சோதிப்பீர்கள்தானே, காசும் மிச்சம்."

சோதிப்போம், உண்மைதான். இலங்கையில் ஒவ்வொரு பையும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா என்று சோதிக்கப்படுகிறது. ஆனால் யானை உதாரணம் இங்கேதான் காலை வாருகிறது. யானை கால் வைத்ததும் தடம் விழும், உடலில் அப்படியில்லை. ஹெபடைடிஸ் சி வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரி தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். பியின் மேலுறை தெரியவும் ஒரு மாதம்போல் எடுக்கும். அதுவரை சோதனை 'இல்லை' என்று சொல்லும், இரத்தத்தில் வைரஸ் இருக்கும். ஒரு பையைச் செங்குழியம், பிளாஸ்மா, குருதிச் சிறுதட்டு என்று பிரித்து மூன்று பேருக்கு ஏற்றலாம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். திரும்பவும் சொல்கிறேன்: தன்னைச் சோதிக்க விரும்புபவர் ஆய்வுகூடத்துக்குப் போகட்டும், இரத்ததான முகாமுக்கு வேண்டாம். தம்பிக்கு ஒரு மென்பானம் கொடுத்து அனுப்பிவைத்தேன். ஒன்றரை வருடம் கழித்து அரைக்கைச் சட்டையோடு வந்து இரத்தம் கொடுத்தார்.

கண்ணாடிக்கு அப்பால் ஒரு விரல் காட்டுகிறார்கள். ஹெபடைடிஸ் சிக்குத் தனியாக நேரம் வைத்திருந்தேன், போய்விட்டது. சுருக்கமாக: பிறபொருளெதிரி இருக்கிறது என்று அறிக்கை வந்தால் இடிந்துபோக வேண்டாம். யானை போனபின்னும் தடம் கிடக்கும். வைரஸ் இன்னும் இருக்கிறதா என்று, வைரசின் மரபுப்பொருளையே தேடும் ஆர்.என்.ஏ. சோதனை சொல்லும்; இருந்தாலும் இரண்டு மூன்று மாத மாத்திரையில் பெரும்பாலானோர் குணமாகிறார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பற்றி இன்னொரு நாள். வணக்கம்.