ஆள் சீட்டில், கவனம் வீட்டில்

[திரையில்: பாதி படித்த மின்னஞ்சல். கர்சர் மட்டும் சிமிட்டுகிறது.]

காலை பத்தரை மணி. கணக்குப் பிரிவில் ஒருவர் ஒரே மின்னஞ்சலை மூன்றாவது தடவையாகப் படிக்கிறார். மேசையில் போன் கவிழ்ந்து கிடக்கிறது. நிமிடத்துக்கு ஒரு முறை திருப்பிப் பார்க்கிறார், மறுபடி கவிழ்த்து வைக்கிறார். அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. பதினொன்று அடிப்பதற்குள் 45,000 என்று இருக்க வேண்டிய பில் 54,000 என்று போய்விட்டது.

வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் இவர்மேல் ஒரு குறையும் இல்லை. லீவு போடவில்லை, தாமதமாகவும் வரவில்லை. அப்புறம் என்னதான் நடந்தது?

[திரையில்: மூளையின் படம். நெற்றிப் பக்கம் ஒளிர்கிறது.]

ஒரு எண்ணைப் பார்த்து, அடுத்த கட்டத்தில் தட்டும் வரை மனசில் பிடித்து வைக்கிறோம் இல்லையா? அந்த இடம் ரொம்பச் சின்னது. கவலை வந்து அதில் உட்கார்ந்துவிட்டால் எண்ணுக்கு இடமில்லை. அழுத்தம் கூடும்போது முதலில் தடுமாறுவதும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும், திட்டமிடுகிற, சரிபார்க்கிற மூளைப் பகுதிதான். கை பழகிய வேலை மட்டும் ஓரளவு ஓடும். அதனால்தான் பக்கத்து சீட்டுக்காரருக்குக்கூட எதுவும் தெரிவதில்லை.

அழுத்தமே கூடாதா? அப்படியும் இல்லை. 1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் சுண்டெலிகளுக்குக் கூடவும் குறைவாகவும் மின் அதிர்ச்சி கொடுத்துப் பழக்கிப் பார்த்தார்கள். (பாவம் எலிகள்.) சுலபமான வேலையை அதிர்ச்சி கூடினாலும் கற்றுக்கொண்டன. கஷ்டமான வேலைக்கு அதிர்ச்சி குறைவாக இருந்தால்தான் சரிப்பட்டது. மனிதர்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் நுணுக்கமான வேலையைக் கொடுத்துவிட்டு, தலைக்கு மேல் நின்று விரட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

[திரையில்: இரண்டு மேசைகள். இரண்டிலும் ஒரே உயரக் கோப்புகள்.]

அலுவலகத்தில் உண்டாகும் அழுத்தத்துக்கு வேலைப் பளு மட்டும் காரணம் இல்லை. 1979இல் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் சொன்னது இது: வேலையும் அதிகம், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையும் இல்லை, இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஆள் அதிகம் நொறுங்குகிறார். ஒரே பளு, ஆனால் எதை முதலில் முடிப்பது என்பது ஒருவர் கையில் இருக்கிறது, இன்னொருவர் கையில் இல்லை. சாயங்காலம் இரண்டு முகங்களையும் பாருங்கள், தெரியும்.

உரிமை இல்லாதவர் அந்த முகத்தோடுதான் வீட்டுக்குப் போகிறார். சாப்பாட்டில் எரிச்சல், ராத்திரி தூக்கம் கெடுகிறது. மறுநாள் அதே சீட்டு, நேற்றைவிடக் கொஞ்சம் குறைந்த கவனம்.

[திரையில்: மறுபடி அந்தக் கணக்குப் பிரிவு.]

தப்பான பில்லோடு மேலாளர் வருகிறார். போனைப் பார்க்கிறார்.

“யார் போனுக்குக் காத்திருக்கீங்க?”

“அம்மா ரிப்போர்ட், சார்.”

“சரி, வெளியே போய்ப் பேசிட்டு வாங்க. இந்த பில்லை மத்தியானம் ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கலாம்.”