நாய் கடைசியில் வரட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

கொஞ்சம் நிலம் இருக்கிறது, நாலு ஆடு, பத்துக் கோழி வைத்துப் பார்க்கலாம் என்று இறங்குகிறவர்கள் என்னிடம் வந்தால் முதலில் கேட்பது நாயைப் பற்றித்தான். "எந்த ஜாதி நாய் வாங்கலாம்?" ஆடு இன்னும் வாங்கியிருக்க மாட்டார்கள். வேலிக்கு ஒரு குச்சிகூட நட்டிருக்க மாட்டார்கள். கைப்பேசியில் ஒரு பெரிய வெள்ளை நாயின் படம் மட்டும் இருக்கும். எனக்குச் சிரிப்பு வராது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதலில் நாயை வாங்கினேன். காவல் காக்க ஒன்றும் இல்லாததால் அது ஒரு வருஷம் என் செருப்பைக் காவல் காத்தது. கடைசிவரை வீட்டு நாயாகவே இருந்துவிட்டது. அதனால் இன்றைக்கு நான் வரிசையைத் திருப்பிப் போட்டுப் பேசப்போகிறேன்.

முதலில் நிலத்தைப் பாருங்கள். புதரும் செடியும் மண்டிக் கிடந்தால் அது வெள்ளாட்டுக்கான இடம். வெள்ளாடு இயல்பிலேயே தழைதின்னி. முன்னங்கால்களை மரத்தில் ஊன்றிக்கொண்டு எட்டிப் பறிக்கும். செம்மறி அப்படியில்லை, குனிந்த தலை நிமிராமல் புல்லைக் கரம்பும். இது ருசி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. குடற்புழுவின் இளம்புழுக்கள் பெரும்பாலும் புல்லின் அடியில், தரையிலிருந்து நாலைந்து சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். தழை மேய்கிற வெள்ளாடு அதற்கு மேலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளும். அதையே கட்டைப் புல்லில் அடைத்து வைத்தால் செம்மறியைவிட மோசமாகப் புழுவில் மாட்டும். புல்வெளி வைத்திருப்பவர் வெள்ளாடு வாங்குவதும், புதர்க்காடு வைத்திருப்பவர் செம்மறி வாங்குவதும் அடிக்கடி நடக்கிற தப்பு.

அடுத்து நான் பார்ப்பது பிராணியின் நாட்கணக்கு. கோழி முட்டை 21 நாளில் பொரிந்துவிடும். பன்றி 114 நாளில் குட்டி போடும். வெள்ளாட்டுக்கு ஏறக்குறைய 150 நாள், செம்மறிக்கு அதில் இரண்டு மூன்று நாள் குறையும். பசு 280 நாளைத் தாண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், புதிதாக வருகிறவர் தப்பு செய்யாமல் இருக்கப் போவதில்லை. அந்தத் தப்பு எவ்வளவு சீக்கிரம் கண்ணில் படுகிறது என்பதுதான் கேள்வி. கோழி ஒரே பருவத்தில் காட்டிக்கொடுத்துவிடும். பசுவிடம் செய்த தப்பு தெரியவர இரண்டு வருஷம்கூட ஆகலாம். அதனால் பசு ஆசை உள்ளவர்களை நான் தடுப்பதில்லை, கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்கிறேன். அப்புறம், ஒற்றை ஆடு வாங்காதீர்கள். மந்தைப் பிராணியைத் தனியாகக் கட்டினால் இராத்திரி முழுக்கக் கத்தும், மேயாது, மெலியும்.

வெள்ளாட்டையும் செம்மறியையும் சேர்த்து வளர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தாது உப்புக் கலவை வாங்கும்போது மூட்டையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். வெள்ளாட்டுக்கும் மாட்டுக்கும் தேவைப்படுகிற அளவு தாமிரம் செம்மறிக்கு விஷம். அதுவும் உடனே காட்டாது. மாதக்கணக்கில் ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். ஒரு நாள் ஆடு சோர்ந்து நிற்கும், கண் மஞ்சளாகும், மூத்திரம் கருஞ்சிவப்பாகப் போகும். அந்த நிலைக்கு வந்த ஆட்டைக் காப்பாற்றுவது ரொம்பக் கஷ்டம். ஒரே உப்புத் தொட்டியை இரண்டுக்கும் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்குகிற ஆட்டைப் பார்த்தே ஆகவேண்டும். ஆட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது. கீழ்வரிசையில் எட்டு. நடுவில் இருக்கும் இரண்டு பால்பல் விழுந்து பெரிய பல் முளைத்திருந்தால் ஒரு வயதைத் தாண்டியது. நாலு பல் என்றால் இரண்டு வயதை ஒட்டி, ஆறு என்றால் மூன்று, எட்டும் நிறைந்தால் நாலு. விற்கிறவர் "சின்ன ஆடுதான்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே விரலால் உதட்டை விலக்கிப் பார்த்துவிடலாம். அப்படியே கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் உள்ளே இரத்தம் உறிஞ்சும் புழு இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிறப்படிகள் உள்ள ஒரு அட்டையை உருவாக்கினார்கள், ஃபமாச்சா என்று பெயர். ஒன்றாம் படி அடர் சிவப்பு, ஐந்தாம் படி தாளைப் போல வெள்ளை. பழகிவிட்டால் அட்டை இல்லாமலே ஓரளவு கண்ணுக்குப் பிடிபடும்.

மடியை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கல்லாக இருந்தால் பழைய மடிநோய். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: இரட்டைக் குட்டி போட்டு இரண்டையும் தானே பால் கொடுத்து வளர்த்த ஆட்டை யாரும் முதலில் விற்க மாட்டார்கள். சந்தைக்கு வருவது பெரும்பாலும் பட்டியில் வேண்டாம் என்று ஒதுக்கியது. முடிந்தவரை விற்கிறவரின் பட்டிக்கே போய் வாங்குங்கள். வாங்கி வந்ததை ஒரு மாதம் தனியாக வைத்திருந்துவிட்டு மற்றவற்றோடு சேருங்கள்.

வேலியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஆடு வருவதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும், அவ்வளவே. நாய் வந்தால் வேலி வேண்டாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். காவல் நாய் தன் எல்லையைத் தானே வகுத்துக்கொள்ளும். வேலி இல்லை என்றால் அந்த எல்லை பக்கத்து நிலத்தையும் அதற்கு அடுத்த சாலையையும் சேர்த்துக்கொள்ளும்.

சரி, இப்போது நாய்க்கு வருகிறேன்.

ஆட்டு மந்தையோடு இருக்கும் நாய்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று மேய்ப்பு நாய், பார்டர் கோலி மாதிரி. ஆட்டை முறைத்துப் பார்க்கும், பதுங்கும், விரட்டும். வேட்டை நாயின் வேலையில் கடிக்கிற கட்டத்துக்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்கிற நாய் அது. இன்னொன்று காவல் நாய். அது முறைக்காது, பதுங்காது, விரட்டாது. ஆட்டோடு ஆடாகப் படுத்திருக்கும். பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவிலுள்ள மலைத்தொடரில் கிரேட் பிரனீஸ், இத்தாலியில் மரெம்மா, துருக்கியில் கங்கல், அக்பாஷ், ஹங்கேரியில் கோமொண்டோர், இவையெல்லாம் நூற்றாண்டுகளாக இந்த வேலைக்கென்றே வளர்க்கப்பட்டவை. இந்த இரண்டு வகையையும் கலந்து பிறந்த குட்டியை "இரண்டு வேலையும் செய்யும்" என்று விற்பார்கள். விரட்டும் ஆசையும் காவல் நாயின் உடல்பலமும் ஒன்றாகச் சேர்ந்தால் ஆட்டின் கதி என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் என்ற தம்பதி 1970களின் பிற்பகுதியில் இந்த நாய்களைப் பண்ணைகளுக்குக் கொடுத்து, எது தேறுகிறது, எது தேறவில்லை என்று வருஷக்கணக்கில் பார்த்தார்கள். அவர்கள் சொன்ன மூன்று குணம்: ஆட்டுக்குக் கேடு செய்யாத நம்பகம், ஆட்டை விட்டு விலகாத கவனம், அப்புறம் காவல். நம் ஆட்கள் மூன்றாவதை மட்டும்தான் பார்க்கிறார்கள். பல்லைக் காட்டி உறுமுகிற குட்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் இரண்டும் இருந்தால் மூன்றாவது பெரும்பாலும் தானே வரும். நமீபியாவில் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் 1994 முதல் விவசாயிகளுக்குத் துருக்கி வகை நாய்களைக் கொடுத்துவருகிறது. ஆட்டைக் காப்பாற்றுவதோடு, விவசாயியின் துப்பாக்கியிலிருந்து சிவிங்கிப்புலியைக் காப்பாற்றுவதும் அதன் நோக்கம். நாய் சிவிங்கிப்புலியோடு சண்டை போட்டு ஜெயிக்க வேண்டியதில்லை. நடுவில் நின்று குரைத்தாலே போதும், பெரும்பாலான வேட்டை மிருகங்கள் காயம் படக்கூடிய வேலையை விட்டுவிட்டுப் போய்விடும்.

ஆடு மட்டும்தானா என்றால் இல்லை. ஆஸ்திரேலியாவில் வார்னம்பூலுக்குப் பக்கத்தில் மிடில் தீவு என்ற சின்னத் தீவு. நீர் வற்றும்போது நரிகள் நடந்தே போய் அங்கிருந்த சிறிய வகைப் பென்குயின்களைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. 2005 வாக்கில் பத்துக்கும் குறைவான பென்குயின்களே மிஞ்சின. 2006இல் மரெம்மா நாய்களைக் கொண்டுபோய் விட்டார்கள், எண்ணிக்கை மறுபடி நூறைத் தாண்டியது. யோசனை சொன்னவர் தன் கோழிகளுக்கு மரெம்மா வைத்திருந்த ஒரு கோழிப்பண்ணைக்காரர். ஆனால் உங்கள் முதல் நாயைக் கோழிக்கு என்று வாங்காதீர்கள். சிறகடித்து ஓடுகிற எதையும் துரத்தாமல் இருக்க ஒரு குட்டி நாய்க்கு ரொம்ப மனக்கட்டுப்பாடு வேண்டும்.

குட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயைப் பாருங்கள். தாய் எங்கே இருக்கிறது? வீட்டு வாசலில் கட்டியிருந்தால் திரும்பி வந்துவிடலாம். மந்தைக்கு நடுவில் படுத்திருக்க, ஆடுகள் அதைத் தாண்டி அசட்டையாக நடந்துபோனால் அதுதான் சான்றிதழ். அப்புறம் குட்டியை ஒரு வளர்ந்த ஆட்டின் முன் விட்டுப் பாருங்கள். ஆடு காலைத் தரையில் தட்டும். நல்ல குட்டி கண்ணைத் திருப்பிக்கொள்ளும், வாலைத் தாழ்த்தும், மெல்ல ஊர்ந்து போய் ஆட்டின் மூக்கை நக்கும். கண்ணெடுக்காமல் முறைத்துப் பதுங்குகிற குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். எட்டு வாரம் ஆனதும் ஆட்டோடு சேர்த்துவிட வேண்டும். நாலு மாதத்துக்குள் எதோடு பழகுகிறதோ அதைத்தான் அது தன் இனம் என்று எடுத்துக்கொள்ளும்.

என் இரண்டாவது நாயை இப்படித்தான் எடுத்தேன். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. பத்தாவது மாதத்தில் ஒரு காலை பட்டிக்குப் போனால் ஒரு ஆட்டுக்குட்டி மூலையில் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. காது இரண்டும் எச்சிலில் நனைந்து, ஒரு காதின் நுனி கந்தலாகி, கழுத்து மயிர் கொத்தாகப் பிடுங்கியிருக்கிறது. கழுத்தில் ஒரு பல் பட்ட காயம்கூட இல்லை. நாய் பக்கத்தில் வாலாட்டிக்கொண்டு நின்றது. வேலியே பயிரை மேய்ந்துவிட்டதே என்று அன்றைக்கே அதைக் கொடுத்துவிடப் போனேன். வயசான மேய்ப்பர் ஒருவர் காதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது வேட்டை இல்லை, விளையாட்டு" என்றார். எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை காவல் நாய்க்கு விடலைப் பருவம். அடித்துத் திருத்த முடியாது. அவர் சொன்னபடி அதைக் குட்டிகளிடமிருந்து பிரித்து, முட்டத் தயங்காத இரண்டு கிழட்டுக் கிடாக்களோடு அடைத்தேன். முதல் நாளே விலாவில் ஒரு முட்டு வாங்கியது. இரண்டு வயது நெருங்கும்போதுதான் மறுபடி குட்டிகளோடு விட்டேன்.

முதல் ஈற்றின்போதும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன். நஞ்சுக்கொடியைத் தின்ன நாய் வரும், தாய் ஆடு முட்டி விரட்டும், இரண்டுக்கும் நடுவில் குட்டி மாட்டிக்கொள்ளும். தீனித் தட்டும் அப்படித்தான். நாயின் தட்டில் வாய் வைத்த ஆட்டுக்குட்டியை அது கடித்துவிடலாம். ஆடு நுழைய முடியாத சின்ன அடைப்பு ஒன்றில் நாய்க்குத் தீனி வையுங்கள். பச்சைக் குடல், ஈரல் போடாதீர்கள். ஒரு வகை நாடாப்புழு அந்த வழியில் நாய்க்குள் போகும், அதன் மலத்தில் முட்டையாக வெளிவரும், ஆட்டின் ஈரலிலும் நம் ஈரலிலும் நீர்க்கட்டியாக வளரும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் நாடாப்புழு மருந்தும் தவறவிடக்கூடாதவை.

நாய் வேண்டாம், இராத்திரிக் குரைப்பு தாங்காது என்பவர்கள் கழுதை வைத்துப் பார்க்கலாம். பெட்டை அல்லது காயடித்த ஆண், ஒன்றே ஒன்று. இரண்டு வைத்தால் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்டு ஆட்டை மறந்துவிடும். நரி, நாய் என்றால் கழுதைக்குப் பிறவிப் பகை. ஆனால் மொனென்சின் என்ற மருந்து கலந்த மாட்டுத் தீவனம் கழுதையைக் கொன்றுவிடும். வாத்தின் பெரியண்ணன் கூஸ் கத்தி எழுப்பும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

காது கடித்த அந்த நாய்க்கு இப்போது ஒன்பது வயது. பின்னங்கால் கொஞ்சம் இழுக்கிறது. இராத்திரி இரண்டு சுற்று வந்த இடத்தில் ஒரு சுற்றுதான் வருகிறது. அது நடமாடும்போதே புதுக்குட்டி வந்தால்தான் பாதி வேலையை அதுவே சொல்லிக்கொடுக்கும். போன வாரம் ஒரு பட்டியில் ஏழு வாரக் குட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். தாய் நாய், ஆடுகளுக்கு நடுவில் தூங்கிக்கொண்டிருந்தது, ஒரு ஆடு அதன் முதுகில் தாடையை வைத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. நாளைக் காலையில் போய் எடுத்து வரவேண்டும்.

நன்றி, வணக்கம்.