ஒரு கூலூம் எவ்வளவு பெரிது?

நேயர்களுக்கு வணக்கம். பிளஸ் டூ இயற்பியலில் முதல் பாடமே நிலைமின்னியல்தான். அதில் மின்புலத்துக்கு ஒரு வரையறை வரும்: சோதனை மின்னூட்டத்தின் மீது செயல்படும் விசையை அந்த மின்னூட்டத்தால் வகுத்தால் கிடைப்பது மின்புலம். பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். "சரி, சோதனை மின்னூட்டத்தை இரண்டு மடங்காக்கினால் புலம் என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி வகுப்பு "பாதியாகிடும் சார்" என்னும். கீழே வகுக்கிற எண் பெரிதானால் விடை குறையத்தானே வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. மேலே இருக்கிற விசையும் கூடவே இரட்டிப்பதை விட்டுவிடுகிறார்கள்.

கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று பார்க்க ஒரு சொட்டை நாக்கில் விட்டாலும் சரி, ஒரு சொம்பு குடித்தாலும் சரி, கிணற்றின் உப்பு அதேதான். புலமும் அப்படி. அதை உண்டாக்குவது மூல மின்னூட்டம். நாம் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பது அல்ல. மூல மின்னூட்டம் இரட்டித்தால் புலமும் இரட்டிக்கும். தூரம் இரட்டித்தால் புலம் கால் பங்காகும்.

இந்தத் தூரக் கணக்கை 1785-இல் உறுதி செய்தவர் பிரான்ஸைச் சேர்ந்த கூலூம். ராணுவப் பொறியாளர். மெல்லிய கம்பியில் ஒரு குச்சியைப் படுக்கை வசமாகத் தொங்கவிட்டு, அதன் நுனியில் இருந்த சின்ன உருண்டைக்கு மின்னூட்டம் ஏற்றினார். பக்கத்தில் இன்னொரு மின்னூட்ட உருண்டையை வைத்ததும் குச்சி விலகியது. கம்பி எத்தனை பாகை முறுக்கிக்கொண்டது என்பதை வைத்து விசையை அளந்தார். அவர் பெயரைத்தான் மின்னூட்டத்தின் அலகுக்கு வைத்தார்கள். ஆனால் அந்த அலகு அநியாயத்துக்குப் பெரிசு.

எப்படி என்கிறீர்களா? 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிக்குள் கால் நொடியில் ஒரு கூலூம் பாய்ந்துவிடும். அது ஒன்றும் செய்வதில்லை. ஒரு பக்கம் நுழைகிற அளவு மறுபக்கம் வெளியேறுவதால் பெட்டியில் எதுவும் தேங்குவதில்லை. அதே ஒரு கூலூம் துணையில்லாமல் ஓரிடத்தில் உட்கார்ந்தால் கதையே வேறு. ஒரு மீட்டர் தள்ளி அதன் புலம் மீட்டருக்கு 900 கோடி வோல்ட். காற்று தாங்குவதோ சுமார் 30 லட்சம்; அதற்கு மேல் போனால் காற்றே கிழிந்து பொறி பறக்கும். ஆக, ஒரு கூலூமைக் காற்றில் பொறி பறக்காமல் வைத்திருக்க 55 மீட்டர் ஆரமுள்ள உலோக உருண்டை வேண்டும். குறுக்களவில் 110 மீட்டர், முப்பது மாடிக் கட்டட உயரம். ஒரு சென்டிமீட்டர் ஆரமுள்ள உருண்டை தாங்குவது, ஒரு கூலூமை நூறு கோடியாகப் பங்கிட்டால் அதில் 33 பங்கு மட்டும். எவ்வளவு மின்னூட்டம் என்பதோடு, எவ்வளவு நெருக்கி உட்கார வைத்திருக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

சேலத்தை அடுத்த இளம்பிள்ளைப் பக்கம் சேலை நெய்ய விசைத்தறி ஓட்டுபவர்களுக்கு இது கைப்பழக்கம். செயற்கை இழைப் பாவு உரசி உரசி மின்னூட்டம் ஏறினால், எல்லா நூலிலும் ஒரே வகை மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பிசிறு எழும்பும், நூல் அறும். காற்றில் ஈரம் ஏற்றினால் அடங்கும். அப்படி நெய்த சேலையைப் பாலித்தீன் உறையிலிருந்து சரேலென்று இழுத்து, முழங்கைக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். ரோமம் சேலையை நோக்கி நிமிரும். ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தாலும் பெரிதாகத் தணியாது. மின்னூட்டம் அகலமாகப் பரவிக் கிடக்கும்போது, பக்கத்தில் நிற்கும்வரை புலம் தூரத்தைப் பொருட்படுத்துவதில்லை; ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கணக்கு.

இனி சேலத்துக்குப் பக்கத்து ஏற்காடு மலைக்கு வருவோம். கோடை இடிமேகத்துக்குள் பனிப்படிகங்களும் ஆலங்கட்டித் துகள்களும் மோதி, கீழ்ப்பகுதியில் எதிர் மின்னூட்டம் சேர்கிறது. 20 கூலூம் என்று வைத்துக்கொள்வோம். கடல் மட்டத்திலிருந்து ஆறரை கிலோமீட்டர் உயரம். சேலம் நகரம் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காட்டு மலையுச்சியில் இருக்கும் சேர்வராயன் கோயில் 1,600 மீட்டருக்கு மேல். மேகத்தின் உச்சியில் இருக்கும் நேர் மின்னூட்டத்தையும் தரையில் தூண்டப்படும் மின்னூட்டத்தையும் விட்டுவிட்டுப் போட்டால், மேகம் தலைக்கு மேல் நிற்கும்போது ஊருக்குள் புலம் மீட்டருக்கு 4,700 வோல்ட், கோயிலடியில் 7,500. மின்னூட்டம் அதேதான், ஒன்றரை மடங்குக்கும் மேலாக ஏறிவிட்டது. மேகமில்லாத நாளில் இது 100 வோல்ட் போலத்தான் இருக்கும்.

ஆனாலும் 30 லட்சம் எங்கே, 7,500 எங்கே? இங்கேதான் கூர்முனை விளையாடுகிறது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக், மிளகுக்கொடி ஏறிய அந்த மரம், தரையில் தூண்டப்பட்ட மின்னூட்டத்தைத் தன் உச்சிக்கு இழுத்து நுனியில் நெருக்குகிறது. நுனியைச் சுற்றி மட்டும் புலம் பன்மடங்காகும். அங்கிருந்து மின்னூட்டம் காற்றில் கசியத் தொடங்கும். இடிதாங்கியின் கம்பியை உச்சியில் நிறுத்துவதும் இதற்காகத்தான். திறந்த வெளியில் நிற்கும்போது தலைமுடி தானாக எழும்பினால், அந்த நுனி நீங்கள்தான் என்று அர்த்தம்.

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பயம் வேண்டாம். மின்னூட்டம் உலோகக் கூட்டின் வெளிப்புறத்திலேயே தங்கும். உள்ளே புலம் அநேகமாக இல்லை. 1836-இல் ஃபாரடே அறை அளவுக்கு ஒரு கூண்டு கட்டி, அதற்கு மின்னூட்டம் ஏற்றச் சொல்லி, உள்ளே போய் இருந்து இதைச் சோதித்தார். காப்பாற்றுவது ரப்பர் டயர் என்று பலர் சொல்வார்கள். கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வந்த மின்னலுக்கு அரை அடி ரப்பர் ஒரு தடையா? அதே டயர் மோட்டார் சைக்கிளிலும் இருக்கிறது, சுற்றிலும் கூடுதான் இல்லை. இடி கேட்டால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, மரத்தடியை விட்டு விலகி, கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விடுங்கள். வணக்கம்.