மேல்மாடி ஷவரில் நூலாக இறங்கும் தண்ணீர்

வணக்கம் நேயர்களே. தலைக்கு ஷாம்பு தேய்த்தாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஷவரைத் திருகினால் தண்ணீர் நூல் நூலாக இறங்குகிறது. கீழ்வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால் அதுவும் நின்றுவிடுகிறது. மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போன அவஸ்தை. தொட்டி தலைக்கு மேலேயே இருக்கிறது, ஆனால் தண்ணீர் வருவதில்லை!

தண்ணீருக்கு வேகம் கொடுப்பது உயரம்தான். தொட்டி ஆயிரம் லிட்டரா, இரண்டாயிரம் லிட்டரா என்பது கணக்கே இல்லை. 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் சதுர செண்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். மொட்டைமாடித் தரையிலேயே உட்கார்ந்திருக்கும் தொட்டியின் அடிக்கும் உங்கள் ஷவருக்கும் நடுவே நாலு அடி இருந்தால் அதிகம். அதாவது 120 கிராம். தொட்டியை ஐந்து அடி தூக்கி வைத்தால் அது இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். ஆனால் ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் கனம். தூண் எங்கே இருக்கிறது, சுவர் எங்கே இருக்கிறது என்று தெரிந்த பொறியாளரைக் கேட்காமல் தூக்காதீர்கள்.

சரி, உயரம் போதுமான அளவு இருந்தும் வரவில்லையா? உடனே பம்ப் வாங்கப் போகாதீர்கள். எங்கே அடைக்கிறது என்று முதலில் பாருங்கள். முப்பது வருடமாகக் குழாய் வேலை செய்யும் நான் எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். "தம்பி, பம்ப் மாட்டியும் தண்ணி வரல, சத்தம்தான் வருது" என்றார். பம்ப் உண்மையிலேயே கத்திக்கொண்டிருந்தது. மொட்டைமாடிக்குப் போய், தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் இருந்த கேட் வால்வைத் திருகிப் பார்த்தேன். வலப்பக்கம் திருகினாலும் சுற்றுகிறது, இடப்பக்கம் திருகினாலும் சுற்றுகிறது, எங்கும் போய் நிற்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. கழற்றினேன். கைப்பிடித் தண்டு மட்டும் கையோடு வந்தது. தண்ணீரை மறிக்கும் பித்தளைக் கதவு உப்பு படிந்து, தண்டை விட்டுக் கழன்று, உள்ளேயே இறங்கிக் கிடந்தது. வெளியே பார்த்தால் திறந்த வால்வு, உள்ளே முக்கால்வாசி மூடியிருக்கிறது! அதை எடுத்துவிட்டு, உள்ளே துளையுள்ள உருண்டை சுழன்று திறந்து மூடும் ஒரு பால் (ball) வால்வு போட்டேன். பம்பை நிறுத்தச் சொல்லிவிட்டு ஷவரைத் திறந்தோம். டீச்சரம்மா உள்ளங்கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். "இப்பதான்பா தண்ணி சத்தம் கேட்குது" என்றார்.

அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், எங்கே அடைக்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குளியலறைக் குழாயில் நிரம்ப எத்தனை வினாடி, சமையலறைக் குழாயில் எத்தனை வினாடி? இரண்டும் மெதுவாக இருந்தால் மாடி வால்வையும் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் வாயையும் பாருங்கள். குளியலறை மட்டும் மெதுவாக இருந்தால் அந்த லைன். சுடுதண்ணீர் மட்டும் குறைந்தால் கீசர் பக்கம். ஷவர் மட்டும் குறைந்தால் ரொம்ப நல்லது, செலவே இல்லை. அதைக் கழற்றி ராத்திரி முழுக்க வினிகரில் ஊறப்போடுங்கள், காலையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். போர் தண்ணீர் வரும் வீடுகளில் அந்தத் துளைகளை உப்புதான் அடைக்கிறது. குழாய் முனையில் இருக்கும் சின்னச் சல்லடையை மறந்துவிடாதீர்கள், மணல் அங்கேதான் தங்கும்.

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். குழாய் அளவைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். ஒரு இஞ்ச் குழாயின் வாய்ப் பரப்பு அரை இஞ்சைப் போல நாலு மடங்கு. புது வீடு கட்டுகிறவர்கள் தொட்டியிலிருந்து இறங்கும் லைனிலாவது கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். அப்புறம், பம்ப் வைத்தே ஆக வேண்டும் என்றால் தொட்டியிலிருந்து இறங்கும் லைனில் வையுங்கள். தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சாதீர்கள், எங்காவது குழாய் வெடித்திருந்தால் சாக்கடைத் தண்ணீரும் சேர்ந்து உள்ளே வரும். நன்றி, வணக்கம்.