சென்னை – மதுரை: வானில் எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம்?

நேயர்களுக்கு வணக்கம். சென்னைக்கும் மதுரைக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் மூன்று பதில்கள் உண்டு. சாலை வழியே சுமார் 460 கிலோமீட்டர். எழும்பூரிலிருந்து ரயிலில் 490-க்குச் சற்று மேல். மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் 418.

இந்த 418-ஐ நீங்களே போட்டுப் பார்க்கலாம். பேனாவும் தாளும் போதும். மீனம்பாக்கத்தின் அட்சரேகை 12.99 பாகை, மதுரை நிலையத்துடையது 9.83. வித்தியாசம் 3.16. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் தெற்கே 351. தீர்க்கரேகை 80.17-லிருந்து 78.09, அதாவது 2.08 பாகை. இங்கேதான் பலருக்குக் கணக்கு பிசகும். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிவிடும். அதனால் நம் பகுதியில் ஒரு பாகைக்கு 111 அல்ல, 109 கிலோமீட்டர். மேற்கே 227 வருகிறது. 351, 227 இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 418.

அடுத்து நேரம். ஏர்பஸ் 320 மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அப்படியானால் அரை மணி நேரம்தானே? டிக்கெட்டில் ஏன் ஒன்றேகால் மணி நேரம் வரை போடுகிறார்கள்?

அந்த வேகம் உச்சியில் மட்டுமே கிடைக்கும். 30,000 அடிக்கு ஏறவே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஓடிவிடும். இறக்கத்துக்கு விமானிகள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல். 30,000 அடிக்கு 90 கடல் மைல், சுமார் 167 கிலோமீட்டர். மிச்சம் சமமாகப் பறப்பது நூறு கிலோமீட்டர்தான். வானில் இருக்கும் நேரம் முக்கால் மணியைத் தொடுகிறது.

மணிக்கு 500 கிலோமீட்டர் போகும் ஏடிஆர் 72, காற்றாடி விமானம். அவ்வளவு உயரம் ஏறத் தேவையில்லாததால் அது கால் மணி, இருபது நிமிடம்தான் பின்தங்கும். இவ்வளவு குறுகிய தடத்துக்கு அது நல்ல விமானம் என்றே சொல்வேன்.

டிக்கெட்டில் உள்ள நேரம் சக்கரத்தின் தடைக்கட்டையை எடுப்பதிலிருந்து, மறுமுனையில் கட்டை போடும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் நிற்பதும் அதற்குள் அடக்கம். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் சென்னையில் கடல் பக்கமாக எழும்பி, பிறகு தெற்கே திரும்ப வேண்டும். அதற்கும் சில நிமிடங்கள் போகும்.

தாமதம் பெரும்பாலும் வானில் பிறப்பதில்லை. ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர்களுக்குப் போய் வருகிறது. தரையில் நிற்பது அரை மணி நேரம்தான். காலையில் எங்கோ பிடித்த தாமதம் மாலை மதுரைப் பயணியின் தலையில் விடியும். போகிப் பண்டிகைக் காலையில் புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் பாதையே தெரியாமல் போவதுண்டு.

பெட்டி ஒப்படைக்கும் கவுண்டர் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடும். ஏறும் வாயில் 25 நிமிடம் முன்பு. வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போகும் நேரம், காத்திருப்பு, பறப்பு, பெட்டி வரும் நேரம், அங்கிருந்து பெரியார் நிலையத்துக்கு 12 கிலோமீட்டர் எல்லாம் கூட்டினால் நாலரை மணி நேரம் ஆகிவிடும். வந்தே பாரத் ஏறத்தாழ ஐந்தே முக்கால் மணியில் மதுரை சந்திப்பில், ஊர் நடுவிலேயே இறக்கிவிடுகிறது. எழும்பூர் அருகே குடியிருப்பவர் இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கட்டும். அன்றே போய்த் திரும்ப வேண்டியவர் காலையின் முதல் விமானத்தையே பிடியுங்கள். நன்றி, வணக்கம்.