மயிலாப்பூரில் பழைய ஃப்ளாட் வாங்கலாமா? கொடுக்கிற விலை எதற்குப் போகிறது?

[திரையில்: தெற்கு மாட வீதி, காலை நேரம், காய்கறிக் கடைகள்]

வணக்கம். மயிலாப்பூரில் ஒரு பழைய ஃப்ளாட் விலைக்கு வந்திருக்கிறது. அதே பணத்துக்குப் பெரும்பாக்கம், நாவலூர் பக்கம் போனால் இன்னொரு படுக்கையறையோடு புது வீடே கிடைக்கும். எதை வாங்குவது என்று எத்தனையோ வீடுகளில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா அம்மாவுக்குக் கோயில் பக்கத்தில் இருக்க வேண்டும், பிள்ளைகளுக்கு ஓடியாட இடம் வேண்டும், மாதத் தவணை கட்டப் போகிறவருக்கு ராத்திரி தூக்கம் வர வேண்டும். இதில் எது எவ்வளவு பெறும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் இந்த வீடியோ. மயிலாப்பூரை வைத்துப் பேசுகிறேன், ஆனால் அடையாறு, பெசன்ட் நகர், தி.நகர் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இடத்தின் அருமையை முதலில் சொல்லிவிடலாம், அதைக் குறைத்துச் சொல்வது நியாயமே இல்லை. மாடிப்படி இறங்கினால் மாட வீதியில் வாழைப்பூவும் சுண்டைக்காயும் கிடைக்கும், லஸ் பக்கம் நடந்தால் நாகேஸ்வரராவ் பூங்கா, நடுவில் மருந்துக் கடை, வங்கி, டிபன் கடை, டாக்டர். 70 வயதான ஒருவர் யாரையும் எதிர்பார்க்காமல் தனியாக நடந்து போய், மாத்திரை வாங்கி, பூங்காவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, வழியில் நாலு பேரிடம் பேசிவிட்டு வீடு திரும்ப முடிகிறது. அதே மனிதரைப் புறநகரில் 15வது மாடியில் கொண்டுபோய் வைத்தால், கீழே நீச்சல்குளம் இருக்கும், கிளப் ஹவுஸ் இருக்கும், ஆனால் டாக்டரிடம் போக மகன் ஆபீஸ் முடித்து வர வேண்டும், இல்லையென்றால் கால் டாக்ஸி புக் பண்ணத் தெரிந்திருக்க வேண்டும். இந்த வித்தியாசத்துக்கு விலையே போட முடியாது என்பார்கள். போட முடியும், போட்டுத்தான் ஆக வேண்டும். அடுத்த 20 வருஷம் அதைத்தான் தவணையாகக் கட்டப் போகிறீர்கள்.

[திரையில்: எழுத்தில் கணக்கு]

சரி, பணத்துக்கு வருவோம். கணக்கு போட வசதியாக ஃப்ளாட் விலை 2 கோடி என்று வைத்துக்கொள்வோம். 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் வங்கி கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆக அதிகபட்சம் ஒன்றரைக் கோடி கடன், 50 லட்சம் உங்கள் கைப்பணம். இதோடு முடிவதில்லை. மறுவிற்பனை வீட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம், அதாவது 18 லட்சம், அதை வங்கி வீட்டு மதிப்பில் சேர்க்காது. அப்புறம் தரகு, வக்கீல் ஃபீஸ், பழைய வீடு என்பதால் பாத்ரூம் குழாயும் வயரிங்கும் மாற்றுகிற செலவு. 70 லட்சத்துக்கு மேல் கையில் இல்லாமல் 2 கோடி வீட்டைப் பற்றிப் பேசவே முடியாது.

இன்னொன்று, வங்கிக்கு நீங்கள் பேசி முடித்த விலை முக்கியமில்லை. அவர்களுடைய மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டு 1 கோடியே 70 லட்சம்தான் பெறும் என்று எழுதினால் அதில் 75 சதவீதம்தான் கடன், மீதி உங்கள் தலையில். கட்டடத்துக்கு வயதாகிவிட்டது என்றால் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று பொறியாளர் சான்று கேட்பார்கள், கடன் காலத்தைக் குறைப்பார்கள். விற்பவர் பாதியை ரொக்கமாகக் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். வீடு விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதையே வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது, பத்திரத்தில் ஏறாத பணத்துக்குக் கடனும் கிடையாது, நாளைக்குப் பேரம் முறிந்தால் திருப்பிக் கேட்க ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது.

ஒன்றரைக் கோடிக்கு எட்டரை சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 1,30,000 ரூபாய். அதே வீட்டுக்கு வாடகை 45,000 என்று வைத்தால் மாதம் 85,000 வித்தியாசம். இந்த 85,000 எதற்குப் போகிறது?

மண்ணுக்குப் போகிறது. இதுதான் இந்த வீடியோவில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. 35 வருஷம் பழைய கட்டடத்தில் சுவருக்கும் தளத்துக்கும் பெரிய மதிப்பு மிச்சமில்லை. நீங்கள் வாங்குவது அடியில் இருக்கிற மனையில் உங்களுக்கு வரும் பிரிபடாத பாகம், தரகர்கள் வாயில் யூடிஎஸ். ஆனால் வீடு பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஹால் அளவைக் கேட்கிறார்கள், கிழக்குப் பார்த்த வாசலா என்று கேட்கிறார்கள், யூடிஎஸ் எவ்வளவு என்று கேட்காமலே திரும்பி வருகிறார்கள்.

[திரையில்: 2 கிரவுண்டு மனையின் வரைபடம், ஆறு ஃப்ளாட்]

ஒரு கட்டடத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். இரண்டு கிரவுண்டு மனை, அதாவது 4,800 சதுர அடி. பழைய விதிப்படி மனை அளவில் ஒன்றரை மடங்கு கட்டலாம், ஆக 7,200 சதுர அடி, ஆளுக்கு 1,200 வீதம் ஆறு ஃப்ளாட். ஒவ்வொருவருக்கும் 800 சதுர அடி மண். இது நல்ல யூடிஎஸ். புறநகரில் உயரமான டவரில் அதே 1,200 சதுர அடி வீடு வாங்கினால், அங்கே அடிப்படை எஃப்எஸ்ஐயே, அதாவது மனை அளவில் எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற கணக்கே, 3.25 என்பதால், உங்கள் பங்கு மண் 400 அடிக்கும் கீழே இறங்கிவிடும். கட்டடம் வருஷத்துக்கு வருஷம் தேயும், மண் தேயாது என்று சொல்லி மயிலாப்பூர் பக்கம் சாய்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அடுத்த படியை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. "பில்டர் வந்து இடித்துவிட்டு இலவசமாகப் புது வீடு கட்டித் தருவார், லிஃப்டோடு, கார் பார்க்கிங்கோடு" என்று விற்பவர் சொல்வார். இன்றைய விதிப்படி அந்த மனையில் இரண்டு மடங்கு, 9,600 சதுர அடி கட்டலாம். உரிமையாளர்களுக்கு 60 சதவீதம், பில்டருக்கு 40 சதவீதம் என்று பேசினால் உங்கள் ஆறு பேருக்கும் 5,760, ஆளுக்கு 960 சதுர அடி. ஏற்கெனவே 1,200ல் இருக்கிறவர் 960க்குச் சம்மதிப்பாரா? தெரு அகலமாக இருந்தால் கதை மாறும். 9 மீட்டர், அதாவது ஏறக்குறைய 30 அடி அகலம் இருந்தால்தான் கூடுதல் கட்டணம் கட்டி 30 சதவீதம் பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்க முடியும். அப்போது ஆளுக்கு 1,248 வரும், வேலை நடக்கும். 20 அடிச் சந்தில் இருக்கிற அதே அளவு வீடும் 30 அடித் தெருவில் இருக்கிற வீடும் பார்வைக்கு ஒன்றுதான், விலையும் பக்கத்தில் பக்கத்தில்தான் சொல்வார்கள், ஆனால் எதிர்காலம் வேறு வேறு. டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தெருவை அளந்து பாருங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் பரவாயில்லை.

ஆறு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒருவர் முரண்டு பிடித்தால் வருஷக்கணக்கில் கிடக்கும் என்கிற நிலைமையில் கொஞ்சம் மாற்றம் வந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டம் 2024ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். ஆறில் நாலு பேர். அதனால் ஃப்ளாட் பார்க்கப் போகிற அன்றே மற்ற ஐந்து வீட்டில் யார் இருக்கிறார்கள், சொந்தக்காரர்களா வாடகைக்காரர்களா, வெளிநாட்டில் இருக்கிறார்களா, எந்த வீட்டிலாவது வாரிசுத் தகராறு ஓடுகிறதா என்று விசாரியுங்கள். அவர்களோடுதான் உங்கள் பணம் கட்டுண்டு கிடக்கப் போகிறது.

[திரையில்: பத்திரத்தின் சொத்து விவரப் பகுதி]

பத்திரத்தில் ஒரு விஷயத்தை நீங்களே பார்க்கலாம், வக்கீல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஆறு வீட்டின் யூடிஎஸ்ஸையும் கூட்டிப் பாருங்கள். 4,800 வர வேண்டும். 4,200 வந்தால் மீதி 600 அடி மண் இன்னும் பழைய மனைக்காரர் பேரில், அல்லது அவருடைய வாரிசுகள் பேரில் நிற்கிறது என்று அர்த்தம். நாளைக்கு மறுகட்டுமானம் என்று பேச்சு வந்தால் அவர்களும் வந்து உட்காருவார்கள். மொட்டை மாடியில் பிற்பாடு ஒரு வீடு கட்டி விற்றிருந்தால், அதற்கு அனுமதி இருந்ததா, அதன் யூடிஎஸ் யாருடைய பங்கிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் கேளுங்கள்.

மயிலாப்பூருக்கே உரிய சிக்கல் கோயில் நிலம். கபாலீஸ்வரர் கோயிலுக்கும் மற்ற கோயில்களுக்கும் சொந்தமான மனைகள் இந்தப் பேட்டையில் நிறைய உண்டு. அந்த மனைகளில் தலைமுறை தலைமுறையாக மனை வாடகை கட்டிக் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடையது கட்டடம் மட்டும்தான். அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் கோயில் மண்ணை விற்க முடியாது, விற்றாலும் செல்லாது. சந்தை விலையைவிடக் குறைவாக, "பேப்பர் எல்லாம் பக்கா, பேங்க் லோன் மட்டும் வராது" என்று ஒரு வீடு வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். வங்கி வேண்டாம் என்று சொல்கிற வீட்டை நீங்களும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தாய்ப்பத்திரம், குறைந்தது 30 வருஷ வில்லங்கம், நகர நில அளவைப் பதிவேட்டில் யார் பேர் இருக்கிறது, திட்ட அனுமதி வரைபடம், இவ்வளவையும் விற்பவர் கைகாட்டுகிற வக்கீலிடம் கொடுக்காமல் உங்களுக்குத் தெரிந்த வக்கீலிடம் கொடுங்கள். ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். ரெராவுக்கு ரொம்ப முன்பே கட்டி முடித்த கட்டடங்கள் அதற்குள் வராது. புதிதாகக் கட்டினாலும் 500 சதுர மீட்டரைத் தாண்டாத மனையில் வரும் திட்டத்துக்குப் பதிவு கட்டாயமில்லை, இரண்டு கிரவுண்டு என்பது சுமார் 446 சதுர மீட்டர்தான்.

இனி வீடு. தரைத்தளமாக இருந்தால் கேட்டுக்கு வெளியே நின்று ரோட்டு மட்டத்தையும் உள்ளே தரை மட்டத்தையும் பாருங்கள். மேல்மேலே தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்த தெருக்களில் பழைய வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன, கனமழையில் தண்ணீர் நேரே சம்ப்புக்குள், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள், இறங்கும், சாக்கடையோடு சேர்ந்து. வெயில் நாளில் மட்டும் போய்ப் பார்த்தால் இது தெரியாது, நவம்பரில் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். தண்ணீரைப் பற்றி வாட்ச்மேனைக் கேளுங்கள், மெட்ரோ வாட்டர் எத்தனை மணிக்கு வருகிறது, மே மாதம் லாரி எத்தனை வாங்கினார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்றால், பெற்றோருக்காகத்தான் மயிலாப்பூர் என்று நீங்கள் சொன்ன காரணமே கையைவிட்டுப் போகிறது. மாடி ஏற முடியாதவருக்குக் கோயில் 200 அடியில் இருந்தால் என்ன, 20 கிலோமீட்டரில் இருந்தால் என்ன.

மெட்ரோ பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் கட்டத்தின் மாதவரம்–சிப்காட் வழித்தடமும் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி வழித்தடமும் திருமயிலையில்தான் சந்திக்கின்றன, பறக்கும் ரயில் நிலையமும் பக்கத்திலேயே. நல்ல வசதிதான். ஆனால் இது விற்பவருக்கும் தெரியும், அதைச் சேர்த்துத்தான் விலை சொல்கிறார். வரப்போகிற ஏற்றத்தை நம்பி இன்னும் மேலே கொடுக்காதீர்கள்.

[திரையில்: மீண்டும் தவணை, வாடகைக் கணக்கு]

என் அபிப்பிராயம் இது. உங்களுக்கு வேண்டியது மயிலாப்பூர் வாழ்க்கை என்றால், அது வாடகைக்கே கிடைக்கிறது, மாதம் 85,000 மிச்சத்தோடு. முதலில் வாடகைக்குப் போய் ஒரு வருஷம் இருந்து பாருங்கள். அறுபத்து மூவர் அன்றைக்குக் காரை எங்கே நிறுத்துவது, மார்கழி விடியலில் ஒலிபெருக்கி, பள்ளிக்கூட நேர நெரிசல், எல்லாம் பழகுகிறதா இல்லையா என்று அப்போது தெரிந்துவிடும், எந்தத் தெரு அகலம், எந்தக் கட்டடத்தில் ஒற்றுமை இருக்கிறது என்பதும் காதில் விழும். வாங்குவது என்றால் மண்ணைப் பார்த்து வாங்குங்கள்: நல்ல யூடிஎஸ், 30 அடித் தெரு, சுத்தமான பத்திரம், 10 வருஷமாவது விற்க மாட்டோம் என்கிற உறுதி. இதில் ஒன்று குறைந்தாலும் விலை குறைய வேண்டும், இரண்டு குறைந்தால் விட்டுவிடலாம். தவணை உங்கள் வீட்டு வருமானத்தில் பாதியைத் தாண்டினால் அந்தப் பெரும்பாக்கம் வீடே மேல், மண் குறைவாக இருந்தாலும் நிம்மதியாகப் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம்.

கடைசியாக அட்வான்ஸ். "இன்னும் ரெண்டு பார்ட்டி பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், இன்றைக்கே டோக்கன் போட்டால்தான்" என்று அவசரப்படுத்துவார்கள். போடுங்கள், ஆனால் வங்கி மூலமாக, எழுத்தில். விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: பத்திரங்களைப் பரிசீலித்து வங்கி கடன் மறுத்தால், அல்லது சொத்துரிமையில் குறை இருப்பதாக வக்கீல் எழுதிக் கொடுத்தால், அட்வான்ஸ் முழுவதும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தரப்படும். நாள் எண்ணிக்கையை நிரப்பாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த வரியைச் சேர்க்க விற்பவர் மறுத்தால், ஏன் மறுக்கிறார் என்று கண்டுபிடித்த பிறகு மற்றதைப் பேசலாம்.